அப்பா உழைக்கவில்லையா?

கேள்வி: ஐயா, ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கத்தில் மிளகு, காபித்தூள், பட்டை, கிராம்பு விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். நாங்கள் மலையாளிப் பழங்குடி இனம். ஊரில் ரெண்டு ஏக்கர் சொச்சம் காபிக்காடு இருக்கிறது. மாமனார் தவறிவிட்டார், பட்டா இன்னும் அவர் பெயரில்தான். வீட்டுக்காரர் எங்கள் காட்டையும் பார்த்துக்கொண்டு, பறிப்புக் காலத்தில் எஸ்டேட்டுக்குக் கூலிக்கும் போவார். விடிவதற்கு முன் கிளம்பினால் இருட்டித்தான் வருவார். பிளஸ் டூ படிக்கும் பையன் ராத்திரியெல்லாம் போனில் 'கோடீஸ்வரன் ஆவது எப்படி' என்று பேச்சுக் கேட்கிறான். போன வாரம் அப்பாவைப் பார்த்து, "நீ ஒழுங்கா உழைச்சிருந்தா நாமளும் அந்த ரிசார்ட்காரங்க மாதிரி இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டான். அவர் பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. உழைத்தவன்தான் பணக்காரன் ஆகிறானா, வாய்ப்பு கிடைத்தவனா? பையனுக்கு நான் என்ன சொல்ல?

– வாசகி, ஒண்டிக்கடை, ஏற்காடு

பதில்: அம்மா, பையனிடம் முதலில் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். 2001 கடைசியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபி ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. 2025 பிப்ரவரியில் அதே ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. உங்கள் சேர்வராயன் மலைக் காபியின் விலையும் அந்தச் சந்தையை ஒட்டித்தான் ஏறும், இறங்கும். இரண்டு காலத்திலும் கவாத்து ஒன்றுதான், களையெடுப்பு ஒன்றுதான், ஒரு கூடை பழம் பறிக்க ஆகும் நேரமும் ஒன்றுதான். அப்பா 2001-ல் சோம்பிக் கிடந்துவிட்டு 2025-ல் எட்டு மடங்கு பாடுபட்டார் என்று உங்கள் பையனே சொல்ல மாட்டான். அப்போது விலை விழுந்ததற்குக் காரணம், நாடுகள் தங்களுக்குள் ஏற்றுமதி அளவைப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் 1989-ல் உடைந்ததும், அதன்பின் வியட்நாம் காபி வெள்ளமாக வந்ததும். 2025-ல் ஏறியதற்கு முக்கியக் காரணம் பிரேசிலில் மழை பொய்த்தது. இதில் எதிலும் உங்கள் வீட்டுக்காரரின் கை இல்லை.

சரி, விலை ஏறியதே, எல்லோருக்கும் லாபம்தானே என்று அவன் கேட்பான். விலை ஏறும் நாளில் யார் கையில் சரக்கு இருந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோல் நீக்கி, நொதிக்கவிட்டு, கழுவி, களத்தில் காயவைத்தால் பார்ச்மென்ட். தோலோடு அப்படியே காயவைத்தால் செர்ரி. பார்ச்மென்ட்டுக்கு விலை கூடுதல். ஆனால் அதற்குப் பல்பர் வேண்டும், தண்ணீர் வேண்டும், சிமென்ட் களம் வேண்டும், ஈரம் ஏறாத கிடங்கு வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும், சரக்கை மூன்று நான்கு மாதம் விற்காமல் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தத் தெம்பு வேண்டும். பொங்கலுக்குத் துணி, பள்ளிக்கூடத்துக்குப் பணம், மளிகைக்கடைப் பாக்கி என்று நிற்கிறவர் மரத்தடியிலேயே பழமாகத் தள்ளிவிடுவார். சிலர் பூவிலேயே முன்பணம் வாங்கிவிடுவார்கள். அவர்கள் விற்ற காபியை வாங்கிக் காத்திருந்தவருக்குத்தான் 4 டாலர் விலை.

பூவைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனி வாக்கில் பூ மழை சரியாக இறங்கினால்தான் காபி ஒரே சீராகப் பூக்கும், பின் மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். குளமும் மோட்டாரும் ஸ்பிரிங்ளரும் உள்ள தோட்டக்காரர் மழை தப்பினாலும் தண்ணீர் தெளித்துப் பூவை வரவழைத்துக்கொள்வார். உங்கள் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்து நிற்பார். இரண்டு பேரும் அதே காலையில்தான் எழுந்தார்கள்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். பசியிலிருந்து கஞ்சிக்கும், கஞ்சியிலிருந்து ஓட்டு வீட்டுக்கும் ஒரு குடும்பத்தை உழைப்பு கொண்டுபோகும். அதை நம் ஊரில் கண்ணால் பார்க்கலாம். ஓட்டு வீட்டிலிருந்து பெரும் சொத்துக்குப் போகிற பாதை வேறு. அங்கே எடுபடுவது சொத்தும், காத்திருக்கும் சக்தியும், ஒரு தடவை விழுந்தால் மறுபடி எழுந்து பார்க்க இடம் இருப்பதும்தான். காபிச்செடி நட்டால் காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அந்த வருஷங்களுக்குச் சோறு போடுவது யார் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இந்தத் தெம்பு யாருக்கு எப்படி வந்தது என்பதற்கு உங்கள் மலையே சாட்சி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியை இங்கே கொண்டுவந்தார். அதன்பின் வெள்ளைக்காரத் தோட்டங்கள் எழும்பின. அதற்கு முன்பே உங்கள் முன்னோர் இந்தச் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் விதைத்து வந்தவர்கள். நிலம் பத்திரத்திலும் சர்வே எண்ணிலும் ஏறியபோது, கச்சேரிக்குப் பழக்கப்பட்டவன் முந்திக்கொண்டான். சுதந்திரத்துக்குப் பிறகு நில உச்சவரம்பு வந்தது. தமிழ்நாட்டில் 1961 சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970-ல் அது 15 ஆனது. சமவெளியில் நெல் வயல் வைத்திருந்தவருக்குத்தான் அந்த வரம்பு. காபி, தேயிலை, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு விலக்கு. தோட்டத்தைத் துண்டு போட்டால் உற்பத்தி கெடும், தொழிலாளர் வேலை போகும் என்பது அப்போது சொன்ன நியாயம். அது முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலக்கின் பலன் யார் வீட்டுக்குப் போனது என்பதில் சந்தேகம் இல்லை.

அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதிலும் தடை இல்லை. 1953-ல் வந்த எஸ்டேட் டியூட்டி, அதாவது இறந்தவரின் சொத்து மீதான வரி, 1985-ல் எடுக்கப்பட்டது. செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு போனது. இருநூறு ஏக்கர் தோட்டம் வரியில்லாமல் பிள்ளைக்கு வருகிறது. உங்கள் வீட்டில் இரண்டு ஏக்கருக்குப் பட்டா மாற்றுவதே முடியாமல் கிடக்கிறது.

ரிசார்ட்காரரை அவன் உதாரணம் காட்டினான் அல்லவா? இருபது கொண்டை ஊசி வளைவோடு மலைக்குச் சாலை போட்டது அரசாங்கம், பராமரிப்பதும் அதுவே. ஏரியையும் மின்சாரத்தையும் நம்பித்தான் கூட்டம் வருகிறது. அதனால் ஏறிய மனை விலையில் மனைக்காரரின் வியர்வை எவ்வளவு? விடுதி நடத்துவது சும்மா வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். (அவர்களிலும் வங்கிக் கடனில் மூச்சு முட்டுகிறவர்கள் உண்டு. வாசலில் நிற்கும் காரை வைத்துக் கணக்குப் போட வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள்.)

சொத்து மட்டுமல்ல, பிறந்த இடத்தின் மாவட்ட எல்லைக்கோடும் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு உங்கள் இனத்தாரிடமே ஒரு சான்று. சேலம், தருமபுரி, பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மலையாளி பட்டியல் பழங்குடி. அதே மலையாளி ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பிறந்தால் பட்டியலில் இல்லை. பட்டியல் எழுதிய காலத்தில் ஈரோடு கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, அந்த மாவட்டத்தின் பெயர் மலையாளிக்கு எதிரே வரவில்லை. 1979-ல் ஈரோடு தனி மாவட்டமான பிறகும் நிலைமை மாறவில்லை. அங்கே ஒரு பையன் உங்கள் பையனைவிட இரண்டு மணி நேரம் அதிகம் படித்தாலும் உங்கள் பையனுக்கு இருக்கும் இட ஒதுக்கீடு அவனுக்கு இல்லை.

போனில் பேசுகிறவர்கள் சொல்லும் கதைகளையும் கொஞ்சம் பார்ப்போம். தைரோகேர் வேலுமணியின் கதை கண்டிப்பாக அதில் இருக்கும். கோவை பக்கம் அப்பநாயக்கன்பட்டி புதூரில் நிலமில்லாத குடும்பம், எருமைப் பாலை விற்று அம்மா வளர்த்த பிள்ளை. பிற்பாடு தம் நிறுவனத்தின் பெரும்பங்கை 2021-ல் சுமார் 4,500 கோடி ரூபாய்க்கு விற்றார். அசாத்திய உழைப்பு, யாரும் மறுக்க முடியாது. ஆனால் நடுப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 1982-ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் மத்திய அரசு வேலை, பதினான்கு வருஷம் மாதா மாதம் சம்பளம், கற்றுக்கொண்ட தைராய்டுப் பரிசோதனைத் தொழில். கடைசியில் கையில் வந்த பிராவிடண்ட் ஃபண்ட் பணத்தில்தான் 1996-ல் ஆய்வகம் தொடங்கினார். அந்த வேலையும் அந்தப் பணமும் அவருக்குக் கிடைத்த தெம்பு. கெவின்கேர் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயில் ஆரம்பித்தார் என்பார்கள், உண்மைதான். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் விற்கலாம் என்ற யோசனை கடலூரில் அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணனிடமிருந்து வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. அந்த யோசனைக்கு என்ன விலை போடுவது? அதே 15,000 ரூபாயோடு தொடங்கித் தோற்றவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

பெரிய கணக்குகளும் இதையேதான் காட்டுகின்றன. இந்தியாவில் அடித்தட்டில் பிறந்த ஒரு குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட ஏழு தலைமுறை ஆகும் என்று பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2018-ல் மதிப்பிட்டது. டென்மார்க்கில் இரண்டே தலைமுறை. டென்மார்க்காரர் நம்மைவிட மூன்று மடங்கு உழைப்பாளி என்று யாரும் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை. பிராங்கோ மிலனோவிச் என்ற பொருளியலாளர் உலகம் முழுவதையும் கணக்கெடுத்து 2015-ல் எழுதினார். மக்களின் வருமான வித்தியாசத்தில் பாதிக்கும் மேல், எந்த நாட்டில் வாழ்கிறார்கள், அந்த நாட்டில் வருமானம் எப்படிப் பங்காகிறது என்ற இரண்டிலேயே அடங்கிவிடுகிறது.

இதை எல்லாம் கேட்டுவிட்டு, 'அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்' என்று அவன் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. சம நிலையில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே உழைப்பு பெரிய வித்தியாசம் செய்யும். பக்கத்துப் பக்கத்துக் காடு, இரண்டும் இரண்டு ஏக்கர். ஒருவர் தண்டுத் துளைப்பான் வண்டு பறக்கும் சித்திரை, வைகாசிக்கு முன்னாலேயே செடி செடியாகப் பார்த்து, துளைத்த செடியைப் பிடுங்கி எரித்துவிடுகிறார். இன்னொருவர் பார்க்கலாம் என்று விடுகிறார். சில வருஷத்தில் இரண்டாமவர் காட்டில் சில்வர் ஓக்கும் மிளகும்தான் மிஞ்சும். உங்கள் காட்டில் இன்றைக்கும் காபி நிற்கிறதென்றால் அது அப்பாவின் உழைப்பு என்று அவனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒரு மணி நேரம் குனிந்து தண்டைப் பார்க்கட்டும்.

அவனுடைய படிப்புக்கு வருவோம். ஒரே மலையில் 1894-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட், 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகளும் இருக்கின்றன, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. இரண்டிலும் பிள்ளைகள் ராத்திரி விழித்துப் படிக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சமாவது ஈடுகட்டத்தான் மாநிலத்தில் பழங்குடியினருக்கு 1 சதவீதமும் மத்திய அரசில் 7.5 சதவீதமும் ஒதுக்கீடு. அரசுப் பள்ளி மாணவராக இருந்தால் 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. 'எனக்குச் சலுகை வேண்டாம், உழைத்தே ஜெயிப்பேன்' என்று அந்த வீடியோக்களைக் கேட்டு ரோஷப்பட்டு அவன் விண்ணப்பத்தில் காலியாக விட்டுவிடப் போகிறான், கவனம். எஸ்.டி. சாதிச் சான்று கோட்டாட்சியர் தர வேண்டியது, விசாரணைக்கு நாள் பிடிக்கும். தேர்வு முடியட்டும் என்று இராமல் இப்போதே போடுங்கள்.

பட்டாவை இனியும் தள்ளிப்போட வேண்டாம். மாமனார் பெயரிலேயே கிடக்கும் வரை வங்கி பயிர்க்கடனுக்கு யோசிக்கும், காபி வாரியம் களத்துக்கும் பல்பருக்கும் தரும் மானியத்துக்கும் காகிதம் இல்லை என்பார்கள். மரத்தடியில் பழமாக விற்காமல் காத்திருக்க உங்களுக்கு வழி பிறப்பது அங்கேதான். வாரிசுச் சான்றுக்குத் தாசில்தாரிடம் விண்ணப்பியுங்கள். பாகம் பிரியாவிட்டால் கூட்டுப் பட்டாவாவது வாங்கலாம். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு நேரடியாகப் பொருந்தாது, உங்கள் வழக்கம்தான் பேசும். ஆகவே நாத்தனார், கொழுந்தனார் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வருஷா வருஷம் கோடையை ஒட்டித் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். மனுவோடு பையனையும் அழைத்துப் போங்கள், வரிசையில் அவனே நிற்கட்டும்.