உள்ளூரார் வாங்கமாட்டார் என்னும் எண்ணம்

"இந்த ஊர்ச் சனங்கள் இதையெல்லாம் வாங்கமாட்டார்கள், பெரியம்மா." சென்ற ஆடித் திங்களில் தூத்துக்குடியில் தங்கை மகளின் இல்லத்தில் பத்து நாட்கள் தங்கியிருந்தபோது, நாளொன்றுக்கு ஒருமுறையேனும் நாம் கேட்ட சொல் இது. வெங்காயம், பூண்டு, முட்டை ஆகியன சேராத பலகாரங்களைச் செய்து விற்பதை அவள் மூன்றாண்டுகளாக நடத்தி வருகிறாள். தேங்குழல், அதிரசம், பொருளங்காய் உருண்டை, முந்திரிப் பிஸ்கட்டு என்று கைப்பக்குவம் குறைவின்றி வரும். ஆயின் செய்தவற்றில் பெரும்பகுதி சென்னைக்கும் காஞ்சிபுரத்திற்கும் வந்தவாசிக்கும், நம்மவர் இல்லங்களுக்குப் பார்சலில் போய்க்கொண்டிருந்தது. பார்சல் கட்டணம் இலாபத்தை விழுங்கிற்று. வங்கிக் கடன் தவணை இரண்டு தவறிவிட்டது. தீபாவளியோடு தொழிலை மூடிவிடுவதாக அவள் சொன்னபோது, உடன் வேலை செய்யும் அவ்வூர்ப் பெண்மணி அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியமே சம்பாத்தியம்.

இதனை ஒரு குடும்பத்தின் கதையாக எழுதவில்லை. சிறு கடை வைத்திருக்கும் நம் பெண்மக்கள் பலரிடமும் இதே சொல்லைக் கேட்டிருக்கிறோம். ஊர்ப்பெயர் மட்டுமே மாறும்.

நமக்கு இச்சொல் பழக்கமானது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், மாணவ ஆசிரியைகள் முதல் வாரக் கற்பித்தல் பயிற்சி முடிந்து திரும்பியதும், "இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது" என்பார்கள். எத்தனை பிள்ளைகள், எந்தக் கணக்கு, எத்தனை முறை கேட்டீர்கள் என்று நாம் வினவுவோம். விடை வாராது. 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகிய இருவர் இது பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். கலிபோர்னியாவில் ஒரு பள்ளியில், எவ்விதத் தேர்வும் இன்றிக் குருட்டாம்போக்கில் எடுத்த சில பிள்ளைகளைக் காட்டி, "இவர்கள் இவ்வாண்டு நன்கு வளர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தனர். முதல் இரண்டு வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவரினும் கூடுதலாக முன்னேறினர் என்று கண்டதாக எழுதினர். அவ்வாய்வின் அளவீடுகளைக் குறைகூறியோரும் பலர் உண்டு. அதனையும் பயிற்சி மாணவியர்க்குச் சொல்லியே பாடம் நடத்துவோம். ஆயினும், மற்றவர் பற்றி நாம் கொள்ளும் எண்ணம் நம் கையையும் நாவையும் நடத்துகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. வாங்கமாட்டார் என்று எண்ணுகிறவள் பெயர்ப்பலகை வைப்பதில்லை. பலகை இல்லாத கடைக்கு எவரும் வருவதில்லை. வரவில்லையே என்று அவள் எண்ணம் உறுதிப்படுகிறது.

தூத்துக்குடியில் இவ்வெண்ணம் வேர்கொள்ளத் தனிக் காரணமும் உண்டு. தொன்றுதொட்டுக் கடலுக்கு அப்பால் வாழ்வோரையே வாங்குவோராகக் கொண்ட கரை அது. இக்கரைச் சங்கு வங்காளத்திற்குப் போய் வளையலாயிற்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிக் குவியல்களை ஏலம் எடுக்க வெளியூர் வணிகர் வந்து கூடினர். (உயிர்க்கொலையோடு கூடிய அத்தொழிலை நாம் புகழ்வதற்கில்லை, 1961-க்குப் பின் அங்கு முத்துக்குளிப்பு நடைபெறவும் இல்லை.) உப்பும் மூட்டை மூட்டையாக வெளியே போகிறது. பக்கத்துத் தெருவில் இருப்பவரை வாங்குபவராகக் காணும் பழக்கம் துறைமுக ஊரில் சற்றுக் குறைவாக இருத்தல் இயல்பே.

ஆனால் அதே ஊரில்தான் இதற்கு எதிரான பெருஞ்சான்றும் உள்ளது. தூத்துக்குடி கொழும்பு நீர்வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஆதிக்கம் செலுத்திய நாளில், நம்மவர் கப்பல் ஓட்டினால் நம்மவரே ஏறமாட்டார், சரக்கும் தரமாட்டார் என்று எண்ணுவது எளிதாக இருந்திருக்கும். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவ்வாறு எண்ணியிருந்தால் வரலாறு இல்லை. 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். முதலில் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினர். அந்த வாடகையும் நின்றுபோகவே, சொந்தக் கப்பல் வேண்டும் என்று துணிந்து, 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களைக் கொணர்ந்தனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்த 25 ரூபாய். அந்நாளில் அது சிறு தொகையன்று. எனினும் பெருஞ்செல்வர் மட்டுமின்றி, நடுத்தர வணிகரும் ஒன்றிரண்டு பங்கேனும் எடுக்கலாம் என்று வகுத்த பங்கு. வாங்குவோரை அறிந்து அளவை வெட்டிய செயல் அது. எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது என்றும், பின்னர் வெள்ளையர் கம்பெனி இலவசப் பயணத்தோடு குடையும் தர முன்வந்தது என்றும் கூறுவர். ஊர் மக்களும் வணிகரும் பொருட்டாக எண்ணத்தக்க அளவில் சுதேசிக் கப்பலை நாடாதிருந்தால், பெரிய கம்பெனி இவ்வளவு இறங்கி வந்திருக்க வேண்டியதில்லை. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அரசின் அடக்குமுறையும், மூலதனமும் தலைமையும் இழந்ததும் அதனை வீழ்த்தின. உள்ளூரார் வாரார் என்பதால் அது வீழ்ந்தது என்று எவரும் சொல்லார்.

இதைச் சொன்னபோது தங்கை மகள் சிரித்தாள். "அது தேசப்பற்று, பெரியம்மா; என் அதிரசத்துக்கு யார் கைதாவார்?" என்றாள். நியாயமான கேள்வியே. மேலும் அதே நீர்வழியில் 2011 ஜூனில் ஆயிரம் பேருக்கு மேல் செல்லத்தக்க ஒரு கப்பல் கொழும்புக்கு விடப்பட்டு, பயணிகள் போதாமல் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. எனவே 'உள்ளூரார் வாங்குவர்' என்பதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கதன்று. இரண்டையும் சோதிக்க வேண்டும். சோதிக்க நமக்குத் தெரிந்த கருவி நோட்டுப் புத்தகம் ஒன்றே.

எண்பது பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் அவள் நம்புவனவற்றை எழுதச் சொன்னோம். வலப்பக்கம் கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும், தேதியோடு. முதல் வரி: "மக்ரூன் தின்று பழகியவர்கள், நம் பண்டம் பிடிக்காது." தூத்துக்குடி மக்ரூன் முந்திரி, சர்க்கரை, முட்டை வெண்கரு ஆகியவற்றால் ஆவது, ஆதலின் நம் இல்லங்களில் நுழைவதில்லை. அவ்வரியின் எதிரே எழுத இருவாரம் எதுவும் இல்லை. பின்னர் ஒருநாள், உடன் வேலை செய்யும் பெண்மணியிடம் நாமே கேட்டோம். அவர் சொன்னார்: "சஷ்டிக்கு விரதம் இருக்கிற நாங்க கடைப் பலகாரம் வாங்கவே பயப்படுவோம், அம்மா. முட்டை பட்டிருக்குமோ, பூண்டு பட்டிருக்குமோன்னு. ஐயப்பனுக்கு மாலை போட்ட வீட்டிலும் அப்படித்தான்." இரண்டாண்டுகள் அவ்வடுப்படியில் நின்றவர். எவரும் அவரைக் கேட்டதில்லை, அவ்வளவே.

திருச்செந்தூர் அதே மாவட்டத்தில் உள்ளது. ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு அங்கே திரள்வோரின் தொகையை நாம் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் ஒரு பலகை வைத்தாள்: "முட்டை, வெங்காயம், பூண்டு சேராதது." 'ஜைன பலகாரம்' என்று இருந்த பழைய அட்டை அதன்கீழ்ச் சிறிய எழுத்தாயிற்று. நாம் அதில் மனம் நோகவில்லை. வாங்குவோருக்கு வேண்டிய செய்தி முதலில் இருத்தல் முறை.

இரண்டாம் வரி: "கையில் காசில்லாதவர்கள்." இதற்கு எதிரே எழுதியதுதான் நீண்டது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை. வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்களில் உற்பத்தி நின்றுவிடும். அவள் கடை திறந்தது ஒரு மே மாதத்தில்! காசின்மை அம்மக்களின் குணம் அன்று, காலம். மேலும் கால்கிலோவுக்குக் குறைந்து அவள் பொட்டலம் கட்டியதில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எண்ணிப் பாருங்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டம், சில்லறைக் காசோடு வந்த சிறுவனுக்கும் கிடைத்ததாலன்றோ ஊர்ப்பண்டமாயிற்று? நூறு கிராம் பொட்டலம் வந்தது. அதிரசம் ஒற்றையாகவும் கிடைத்தது.

மூன்றாம் வரி: "கடன் சொல்வார்கள்." இதில் அவள் எண்ணம் பாதி மெய்யே. இரண்டு வீடுகளுக்குக் கடன் கொடுத்தாள். ஒன்று திரும்பியது, மற்றொன்று இன்றுவரை இல்லை. அதையும் அடிக்காமல் அப்படியே எழுதி வைக்கச் சொன்னோம். இப்போது கடன் இல்லை என்று முகம் கோணாமல் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

கார்த்திகை முடிவில் கணக்குப் பார்த்தபோது உள்ளூர் விற்பனை பார்சல் விற்பனையைத் தாண்டியிருந்தது. நின்ற தவணைகளுள் ஒன்றைக் கட்டினாள், ஒன்று நிலுவை. உடன் வேலை செய்யும் பெண்மணி தொடர்ந்து வருகிறார். விலை சொல்வதும் இப்போது அவரே.

நான்காம் வரி, "பனிமய மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் நம் கடைக்கு வாரார்" என்பது. இதற்கு எதிரே தவக்காலம் கழியும்வரை எதுவும் எழுதாதே என்று சொல்லி வந்திருந்தோம். பங்குனியில் கடிதம் வந்தது. "வருகிறார்கள், பெரியம்மா. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருகிறார்கள். ஏன் என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். ஏன் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் அதை எழுதாமல், 'அவர்களையே கேள்' என்று மட்டும் ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டோம்.