இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். அத்தை புதிய சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து பாட்டி அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். அக்காவுக்கு ரோமன் கத்தோலிக்க (ஆர்.சி.) வீட்டிலிருந்து வரன் வந்ததில் இன்னொரு சண்டை என்றும் எழுதியிருந்தாய். எல்லாரும் ஒரே இயேசுவைத்தானே கும்பிடுகிறோம், இதில் எதுதான் உண்மையான சபை என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பிரிந்து கிடந்த சபைகள் நம் மண்ணில் ஒருமுறை ஒன்றாகச் சேர்ந்தன. அந்தக் கதையைச் சொல்கிறேன். பள்ளிப்பட்டில் உங்கள் வீட்டு முற்றத்துக்கு அது உதவும்.

முதலில், நாம் எப்படி இந்தந்தச் சபைக்காரர்கள் ஆனோம் என்று யோசித்துப் பார். அந்தக் காலத்து மிஷன் சங்கங்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டு ஊழியம் செய்தன. மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன், திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்கள், தரங்கம்பாடி, தஞ்சாவூரில் லுத்தரன், வேலூர், ஆற்காடு வட்டாரத்தில் அமெரிக்க ரிஃபார்ம்டு சபையின் ஆற்காடு மிஷன். நம் முன்னோர் நான்கு சபைகளையும் எடைபோட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிறந்த ஊர் எந்த மிஷனுக்கு ஒதுக்கப்பட்டதோ, அந்தச் சபை ஆனார்கள். ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுக்கு முன் நடந்த சண்டைகளின் கோடுகள், அந்தச் சண்டையைக் கேள்விப்பட்டே இராத நம் ஊர்களின் நடுவே விழுந்தன.

இதைப் பொறுக்க முடியாமல் தவித்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த தமிழர். தெலுங்கு படித்து, தெலுங்கு மக்கள் நடுவே தோர்ணக்கல்லில் ஊழியம் செய்து, 1912இல் அங்கேயே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல்முறை. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கேட்டு வளர்கிற உனக்கு, அவர் எவ்வளவு தூரம் நடந்து போய் அடுத்தவர் வாசலில் நின்றார் என்பது புரியும்.

1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இரண்டு பேர் தவிர மற்ற எல்லாரும் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையார் சிலர். மற்றவர்கள் 1908இல் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபையினர். கூட்டத்தை அழைத்தவர்களில் அசரியா முக்கியமானவர். நாம் உண்டாக்காத பிரிவினைகளை நம் மேல் ஏற்றியிருக்கிறார்கள், இப்படிச் சிதறிக்கிடந்துகொண்டு சமாதானத்தின் சுவிசேஷத்தை எப்படிச் சொல்வது என்பதே அவர்கள் அங்கே எழுதிய அறிக்கையின் சாரம்.

மறு ஆண்டே பேச்சுவார்த்தை தொடங்கியது. பிரிட்டிஷ் மெதடிஸ்டுகளும் பிறகு வந்து சேர்ந்தார்கள். தொடங்கிய பிறகுதான் உண்மையான கஷ்டம். பேராயரின் கை வைக்கப்படாமல் குருப்பட்டம் இல்லை என்பது ஆங்கிலிக்கன் நம்பிக்கை. பேராயரே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சபை நடத்தியவர்கள் மற்றவர்கள். எங்கள் போதகருக்கு மறுபடி பட்டம் கொடுக்க வேண்டுமென்றால், அவர் இத்தனை நாள் கொடுத்த திருவிருந்து பொய்யா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் கண்ணீர் இருந்தது, நியாயமும் இருந்தது.

எப்படித் தீர்த்தார்கள் என்பதை நிதானமாகப் படி. சேர்கிற சபைகளின் போதகர் எவருக்கும் மறுபடி பட்டம் கொடுப்பதில்லை, இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வது. இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர் கை வைப்பார். பேராயர் பதவி எல்லாருக்கும் உண்டு, ஆனால் அதற்கு இதுதான் பொருள் என்று ஒரே விளக்கத்தை எவர் மேலும் திணிப்பதில்லை. மனச்சாட்சி ஒப்பாத போதகரை எந்தச் சபையின் மேலும் சுமத்துவதில்லை என்று வாக்குறுதியும் கொடுத்தார்கள். இரு பழக்கங்களும் அருகருகே வளர 30 ஆண்டு அவகாசம் வைத்தார்கள். தங்கள் நம்பிக்கையை எவரும் விடவில்லை. அடுத்தவருடைய ஊழியம் செல்லாது என்று சொல்லும் உரிமையை மட்டும் விட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய தியாகமாகப் படுகிறது.

1947 செப்டம்பர் 27, நாடு விடுதலையாகி ஆறு வாரம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்று பேராயராகப் பட்டம் பெற்றவர்களில் லெஸ்லி நியூபிகினும் ஒருவர். பேராயரே இல்லாத ஸ்காட்லாந்துச் சபை அனுப்பிய மிஷனரி அவர். அதுவரை நம் காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தவர். 37 வயதில் மதுரை ராமநாதபுரம் பேராயர் ஆனார். அசரியா அதைப் பார்க்க இல்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதியே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார்.

எல்லாரும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு வடக்கே நந்தியாலில் ஆங்கிலிக்கன் சபையார் பலர் சேர மறுத்து வெகுகாலம் தனியே நின்றார்கள். லுத்தரன் சபைகள் இன்றும் தனியாகவே இருக்கின்றன. அதைவிட எனக்கு வலிப்பது இன்னொன்று: சபைப் பெயர் ஒன்றான பிறகும் சாதி ஒன்றாகவில்லை. கல்லறையில்கூடத் தனி இடம் கேட்கிற கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே எந்த உபதேச வித்தியாசமும் கிடையாது. நீ வளர்ந்து ஐக்கியத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசாதே.

இப்போது பாட்டிக்கும் அத்தைக்கும் வருகிறேன். இந்த முடிச்சும் ஏற்கெனவே ஒருமுறை அவிழ்க்கப்பட்டதுதான். 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் ஆறு சபைகள் சேர்ந்து வட இந்தியத் திருச்சபை ஆனபோது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர்களும், விசுவாச அறிக்கை செய்த பிறகே கொடுக்கும் பாப்டிஸ்டுகளும் ஒரே சபையில் உட்கார்ந்தார்கள். இரண்டு வழிக்கும் அங்கே இடம் உண்டு. அத்தைக்கு, தன் வாயால் அறிக்கை செய்து தண்ணீரில் இறங்கியது வாழ்நாளின் பெரிய நாள். பாட்டிக்கோ, கைக்குழந்தையை ஏந்தி ஆலயத்தில் நின்று தான் செய்த பொருத்தனையை மகளே செல்லாது என்று சொல்லிவிட்ட துக்கம். அத்தை சபையார் நம் மந்தையிலிருந்து ஆடு திருடுகிறார்கள் என்று நம் பக்கத்தில் பேசுவதும், நம்மை இரட்சிப்பில்லாதவர்கள் என்று அவர்கள் பேசுவதும் அந்தப் புண்ணில்தான் குத்துகின்றன.

ஆகவே யார் சரி என்று தொடங்காதே. ஞானஸ்நானம் எடுத்த அன்று மனசு எப்படி இருந்தது என்று அத்தையிடம் கேள். கைக்குழந்தையாய் இருந்த அத்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளைப் பற்றிப் பாட்டியிடம் கேள். ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் குறைக்காமல், கூட்டாமல் கொண்டுபோய்ச் சொல்.

அக்கா காரியத்தில் உங்கள் அப்பா பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. திரித்துவத்தின் நாமத்தில் தண்ணீரால் கொடுத்த நம் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. அக்கா மறுபடி எடுக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு அவர்கள் ஆயரிடம் முன்னனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முயல்வதாக மாப்பிள்ளையிடம் வாக்குக் கேட்பார்கள். அதை முதலிலேயே இரு வீட்டாரும் மனம்விட்டுப் பேசிவிடுவது நல்லது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுபோகும்படி அப்பாவிடம் சொல். ஆர்.சி.யாரும் நம்மவர்களும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளிவந்தது அது. இரண்டு வீடும் ஒரே புத்தகத்தைத் திறந்து ஜெபம் பண்ணலாம்.

வரும் வாரம் நானே அவர்கள் பங்கு ஃபாதரைப் பார்த்துப் பேசுகிறேன். அதற்குள் பாட்டியும் அத்தையும் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா