சட்டைப் பையில் ஒரு சீட்டு

திருவனந்தபுரத்தில் சாலை என்ற பெரிய கடைத்தெரு உண்டு. அதை ஒட்டி ஆரியசாலை இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. அதில் ஒரு குடும்பத்தின் கதை இது.

அப்பா கடைத்தெருவில் மூட்டை சுமக்கிறார். அம்மா முதியோர் வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். மகளுக்கு ஏழு வயது. மகனுக்கு நான்கு வயது. பாட்டியும் உடன் இருக்கிறார். பாட்டி பிறந்த ஊர் குமாரகோவில்.

அது புரட்டாசி மாதம். குளிர்நாடுகளில் இந்தக் காலத்தில் இலைகள் பழுத்து உதிரும். குழந்தைகள் அவற்றைப் பொறுக்கி விளையாடுவார்கள். கேரளத்தில் மரங்கள் பச்சையாகவே நிற்கும். காலையில் வெயில் அடிக்கும். மாலையில் சில நாள் இடி மழை வரும். ஆனால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டமான காலம். நவராத்திரி வருகிறதே!

"அம்மா, இந்த வருஷமாவது வெள்ளிக் குதிரை பார்க்கப் போவோமா?" என்று மகள் கேட்டாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. போன வருடமும் அவர்கள் போகவில்லை. கூட்டத்தில் சின்னவன் தொலைந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான்.

பாட்டி சொன்ன செய்தி

"நம்ம ஊரு சாமி நம்மளைத் தேடி வாறாரு. நாம போய்ப் பாக்காண்டாமா?" என்றார் பாட்டி. பிறகு பழைய செய்தியைச் சொன்னார்.

முன்பு திருவிதாங்கூர் அரசின் தலைநகர் பத்மநாபபுரம். 1795-ஆம் ஆண்டு வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. நவராத்திரி பூஜையும் இங்கே வந்தது. அதற்காக ஆண்டுதோறும் மூன்று தெய்வங்கள் ஊர்வலமாக வருகின்றன. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகியோர் அந்த மூவர்.

வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்குவார்கள். திருவனந்தபுரம் வந்ததும் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் இருப்பார். நங்கை செந்திட்டைக் கோவிலில் இருப்பார். குமாரசுவாமி தங்குவது ஆரியசாலைக் கோவிலில்தான்.

1956 நவம்பர் 1-இல் பத்மநாபபுரமும் சுசீந்திரமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அன்று முதல் இந்த ஊர்வலம் மாநில எல்லையைத் தாண்டி வருகிறது. களியக்காவிளையில் கேரளத்தார் அதை வரவேற்கிறார்கள்.

அம்மா எழுதிய சீட்டு

அம்மா யோசித்தார். ஒரு தாளை எடுத்தார். மகனின் பெயர், அப்பா பெயர், தெருவின் பெயர், கைபேசி எண் எல்லாவற்றையும் தமிழில் எழுதினார்.

"தமிழ் தெரியாதவர் கையில் கிடைத்தால்?" என்று கேட்டார் அப்பா.

நல்ல கேள்வி. பக்கத்து வீட்டுச் சேச்சி தாளின் மறுபக்கத்தில் அதையே மலையாளத்தில் எழுதித் தந்தார். அம்மா சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டார். மழை பெய்தாலும் நனையாது. அதை மகனின் சட்டைப் பைக்குள் வைத்துப் பையைத் தைத்தார். மகளுக்கும் ஒரு சீட்டு தயாரானது.

"வழி தவறினால் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கடைக்காரரிடமோ போலீசாரிடமோ சீட்டைக் காட்டுங்கள்" என்று இருவருக்கும் சொல்லிக் கொடுத்தார்.

கூட்டத்தில்

ஊர்வலம் வந்தது. செண்டை முழங்கியது. குமாரசுவாமி வெள்ளிக் குதிரை மேல் வந்தார். பாட்டி கண்ணீரோடு கும்பிட்டார்.

அம்மா திரும்பிப் பார்த்தார். சின்னவனைக் காணோம்!

அம்மாவுக்குக் கை கால் நடுங்கியது. அப்பா கூட்டத்தில் தேடினார். அப்போது அவருடைய கைபேசி ஒலித்தது. பேசியவர் ஒரு பூக்கடைக்காரப் பெண். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சீட்டின் மறுபக்கத்தைப் படித்திருந்தார்.

கடை முன்னால் சின்னவன் நின்றிருந்தான். கண்ணில் நீர். கையில் அந்த அக்கா கொடுத்த ஒரு சாமந்திப் பூ.

செலவில்லாத சந்தோஷம்

வீட்டில் பழைய பெட்டிகளைப் படியாக அடுக்கினார்கள். மேலே வேட்டியை விரித்தார்கள். குழந்தைகள் களிமண்ணில் பொம்மை செய்தார்கள். ஏழு பொம்மைகளோடு கொலு தயார்!

தினம் ஒரு சுண்டல். கடலையை முந்தின இரவே ஊறவைத்தார்கள். சின்னவனுக்கு நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுத்தார் அம்மா. முழுக் கடலை சிறு குழந்தைகளின் தொண்டையில் அடைக்கலாம்.

ஒரு நாள் மாலை இடி இடித்தது. எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள். மரத்தடியில் ஒதுங்கவில்லை. இடிக்கும்போது மரத்தடி ஆபத்து. அந்த நேரம் பாட்டி கதை சொன்னார்.

விஜயதசமி அன்று குமாரசுவாமி பூஜைப்புரைக்குப் புறப்பட்டார். அங்குள்ள சரஸ்வதி மண்டபத்தில் அன்று பல குழந்தைகள் முதல் எழுத்து எழுதுகிறார்கள். சின்னவன் வீட்டிலேயே எழுதினான். தட்டில் அரிசியைப் பரப்பினார் அம்மா. அவன் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தார்.

அம்மாவின் விரலைப் பிடித்து அப்படி எழுத வைக்க அன்று யாரும் இல்லை. மகனுக்கு அம்மாவே இருந்தார்.

பேசிப் பார்ப்போம்

1. அம்மா சீட்டில் என்னென்ன எழுதினார்?
2. சீட்டை இரண்டு மொழியில் எழுதியது ஏன்?
3. உங்கள் குழந்தைக்கு அப்படி ஒரு சீட்டு எழுதுங்கள்.