சம்பளம் ஏறியபின் வரும் பதவி உயர்வு

கேள்வி: திருத்தணியில் அஞ்சல் உதவியாளராக இருப்பவருக்கு இரண்டு எம்.ஏ.சி.பி. (பணிக்காலத்தின்படி தரப்படும் ஊதிய உயர்வு) கிடைத்துவிட்டது. இப்போது எல்.எஸ்.ஜி. (கீழ்நிலைத் தேர்வுத் தரம்) பதவி உயர்வில் வெளியூர் போடுகிறார்கள். சம்பளம் கூடாதாம். மறுக்கலாமா?

பதில்: அஞ்சல் துறையில் சம்பளம் உயர்வதும் பதவி உயர்வதும் தனித்தனிப் பாதைகள். 1983இல் வந்த டி.பி.ஓ.பி. திட்டம் 16 ஆண்டு முடித்தவருக்கும், 1991இல் வந்த பி.சி.ஆர். திட்டம் 26 ஆண்டு முடித்தவருக்கும் காலியிடம் பாராமல் மேல் சம்பளம் தந்தன. 2008 செப்டம்பர் 1 முதல் அவற்றின் இடத்தில் எம்.ஏ.சி.பி. வந்தது; 10, 20, 30 ஆண்டுகளில் மூன்று உயர்வுகள். ஊதிய நிலை 4இல் 25,500 ரூபாய் தொடக்க ஊதியத்தில் நேரடியாகச் சேர்ந்தவர், பதவியே மாறாமல் நிலை 5, 6, 7 என ஏறலாம்.

எல்.எஸ்.ஜி.க்கும் அதற்கு மேலுள்ள எச்.எஸ்.ஜி.-2, எச்.எஸ்.ஜி.-1 பதவிகளுக்கும் அதே 5, 6, 7தான். ஆகவே நிலை 6இல் இருப்பவருக்கு எல்.எஸ்.ஜி. ஆணை வந்தால் ஊதிய நிர்ணயப் பலன் எதுவும் இல்லை. கூடுவது பொறுப்பு: சப் போஸ்ட்மாஸ்டர் இருக்கை, பணப்பெட்டிச் சாவி, அன்றைய கணக்கு நேராகும்வரை எழ முடியாத மாலை. 2016 மே 27 பதவி மறுசீரமைப்பு ஆணை மேல்பதவிகளைப் பெருக்கியது நல்ல காரியம். ஆனால், பொறுப்புக்கு ஏற்ற பணப்பலனை மூத்தவர்களுக்குத் தராததால் பாதி நன்மை வீணாகிறது. இந்தக் குறை களையப்பட வேண்டும்.

மறுக்கலாம், விலை உண்டு. ஏற்கெனவே பெற்ற உயர்வு பறிபோகாது. ஆனால் மீண்டும் பதவி உயர்வுக்குச் சம்மதிக்கும்வரை அடுத்த எம்.ஏ.சி.பி.க்குப் பெயர் பரிசீலிக்கப்படாது. மறுத்ததற்காகப் பதவி உயர்வுக்குத் தடை விதிக்கப்பட்ட காலம் அளவுக்கு அதுவும் தள்ளிப்போகும். 30 ஆண்டை நெருங்குபவருக்கு இது ஓய்வூதியம்வரை தொடரும் இழப்பு. எச்.எஸ்.ஜி.-2க்குத் தேவையான பணிக்காலமும் எல்.எஸ்.ஜி.யில் முறையாகப் பொறுப்பேற்ற பிறகே எண்ணப்படும். பணியாண்டுகள் மீதமிருப்பவர் ஏற்பதே நல்லது. ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்து, மூன்றாவது உயர்வும் கைக்கு வந்துவிட்டவருக்கு மறுப்பதால் பெரிய நஷ்டமில்லை.

எல்லை ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகரி பக்கத்து ஊர்தான். ஆனால் அது ஆந்திர அஞ்சல் வட்டம். அங்கிருந்து ரூல் 38இல் விரும்பி மாற்றல் வாங்கித் திருத்தணிக்கு வருபவர், பணிமூப்புப் பட்டியலில் கடைசிக்குப் போய்விடுவார், எல்.எஸ்.ஜி. அவருக்குத் தாமதமாகும். எம்.ஏ.சி.பி.க்கோ பழைய முறையான பணிக்காலம் முழுதும் சேரும். பணிப்பதிவேட்டில் அந்தக் காலம் ஏறியிருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த எம்.ஏ.சி.பி.க்குக் காத்திருப்பவர் இதையும் கவனிக்க வேண்டும்: 2016 ஜூலை 25 முதல் எம்.ஏ.சி.பி.க்கு ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் ‘மிக நன்று’ தரம் தேவை. அறிக்கை காட்டப்பட்டதும் தரம் குறைவாக இருந்தால், 15 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும்.