ஓபரா குரலில் பாப் பாடலாமா?

கேள்வி: சென்னையில் மேற்கத்திய செவ்வியல் வாய்ப்பாட்டு கற்கிறேன். என் குரல் சோப்ரானோ (பெண்குரலில் உச்ச ஸ்தாயி வகை). பாப் பாட ஆசை. ஆனால் நான் பாடினால் பாட்டு ‘கனமாக’ இருக்கிறது என்கிறார்கள். குரல் கெட்டுவிடும் என்று ஆசிரியையும் பயப்படுகிறார். இரண்டையும் பாடுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் குரலில் குறையே இல்லை. மைக் இல்லாத அரங்குக்காகப் பழக்கிய குரலை அப்படியே மைக் முன்னால் வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். மைக் இல்லாமல், முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். அதற்காகத்தான் சோப்ரானோ பாடகி சுருதி ஏற ஏற வாயை அகலத் திறக்கிறார். வாயறையின் ஒத்ததிர்வு பாடும் சுருதியோடு சேர்ந்துகொள்வதால் குரல் ஓங்குகிறது. சுவீடன் ஆய்வாளர் யோஹான் சுந்த்பெரி இதை அளந்தே காட்டினார். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: உச்ச ஸ்தாயியில் இகரமும் உகரமும் ஆகாரம் போலவே ஒலிக்கும், சொல் கரைந்துவிடும். பாப் பாட்டுக்குச் சொல்தான் உயிர். நண்பர்கள் ‘கனம்’ என்பது இதைத்தான்.

ரெனே ஃப்ளெமிங்கைக் கேளுங்கள். அமெரிக்காவின் பெரிய சோப்ரானோ. 2010-இல் ‘டார்க் ஹோப்’ என்ற ஆல்பத்தில் மியூஸ், ஆர்கேட் ஃபயர் போன்ற ராக் குழுக்களின் பாட்டுகளைப் பாடினார். பெயரை மறைத்துப் போட்டால் அவர் குரல் என்று சொல்லவே மாட்டீர்கள். பேசும் குரலின் உயரத்துக்கே ஸ்தாயியை இறக்கி, மைக்கை ஒட்டி, தோழியிடம் சொல்வதுபோல் பாடியிருக்கிறார். திடீரென்று வந்ததல்ல இது. கல்லூரி நாள்களிலேயே ஜாஸ் குழுவோடு பாடியவர். சாக்ஸபோன் மேதை இல்லினாய் ஜாக்கே தன்னோடு சுற்றுப்பயணத்துக்கு அழைத்தும், போகாமல் மேற்படிப்பைத் தேர்ந்தெடுத்தார். குரல் கெட்டதா? ஆல்பம் வந்து ஏழு வருடம் கழித்து, 2017-இல், அதே மெட்ரோபாலிட்டனில் ‘டெர் ரோசன்கவாலியர்’ ஓபராவில் நாயகியாகப் பாடினார்.

இன்னொரு வழியும் உண்டு. 1987-இல் வந்த ‘பார்சிலோனா’ பாட்டில் ஓபரா பாடகி மான்செராட் கபாயே தன் ஓபரா குரலை ஓர் இழைகூட மாற்றவில்லை. உடன் பாடிய ராக் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி அந்தக் குரலுக்கென்றே இடம் விட்டு மெட்டமைத்து, தன் பங்கை ராக் பாடகராகவே பாடினார். அந்தப் பாட்டு இன்றும் சிலிர்க்க வைப்பதற்குக் காரணம், யாரும் யாரைப் போலவும் பாட முயலாததுதான். டிரம்ஸ் தாளத்தின் மேல் பாதி ஓபரா, பாதி பாப் என்று பாடும் ஆல்பங்கள் பெரும்பாலும் சப்பென்று போவதற்கு, இன்னொருவரைப் போலப் பாட முயல்வதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

நீங்கள் ஃப்ளெமிங்கின் வழியில் தொடங்குங்கள். பாட்டின் சுருதியை நாலைந்து சுரம் இறக்குங்கள். வரிகளைப் பலமுறை பேசிப் பாருங்கள். பிறகு அதே வாயசைவில் பாடுங்கள். செவ்வியல் சாதகமும் இதுவும் ஒரே வேளையில் வேண்டாம். ஆசிரியையின் பயத்தில் நியாயமும் இருக்கிறது: மார்புக் குரலையே அழுத்தி மேலே தள்ளிக் கத்தும் பாணி பழகாத தொண்டையைப் புண்ணாக்கிவிடும். அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். தயாராகும் முதல் பாட்டை அவரிடமே பாடிக் காட்டுங்கள். தொண்டை எங்கே இறுகுகிறது என்று உங்களைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும்.