தலை கவிழ்ந்த ஊமத்தை

ஊமத்தை நமக்குத் தெரிந்த செடி. தரிசிலும் குப்பைமேட்டிலும் தானாக முளைக்கும். சிவனுக்கு உகந்த பூ என்பார்கள். நம் காளஹஸ்தியும் சிவன் ஊர்தானே!

ஊமத்தைக்கு ஓர் உறவுச் செடி உண்டு. பெயர் ஏஞ்சல் டிரம்பெட். ஊமத்தம் பூ மேலே பார்க்கும். இந்தப் பூ தலை கவிழ்ந்து தொங்கும். ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். மாலையில் மணம் வீசும். இது தென் அமெரிக்காவில் பிறந்த செடி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடுகளில் வளர்க்கிறார்கள்.

விதை வேண்டாம். குச்சி போதும். பென்சில் பருமனில் முற்றிய கிளையை ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். தொட்டியில் மணலும் மக்கிய எருவும் கலந்து நடுங்கள். நிழலில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது. மூன்று, நான்கு வாரத்தில் வேர் விடும்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் தொட்டியை வீட்டுக்குள் வைக்கிறார்கள். நமக்கோ சித்திரை வெயில்தான் பயம். அப்போது மர நிழலுக்கு மாற்றுங்கள். காலை, மாலை தண்ணீர் ஊற்றுங்கள்.

ஊமத்தையைப் போலவே இதில் இலை, பூ, விதை, வேர் எல்லாம் விஷம். சாறு கண்ணில் பட்டால் கண்மணி விரியும். பார்வை மங்கும். வெட்டிய கிளையை ஆட்டுக்குப் போடாதீர்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இந்தச் செடியே வேண்டாம் என்பேன். மல்லிகை இருக்கிறதே!

குழந்தை தின்றுவிட்டால் வாய் உலரும். முகம் சிவக்கும். பிதற்றும். மந்திரிக்க ஓடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தின்ற இலையையோ காயையோ எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.