கோலும் கல்லும் அச்சும்: இளம் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கடிதம்



தரத்தையும் முன்மாதிரியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை பட்டறையில் பிறந்தவை. தச்சர், பொற்கொல்லர், நெசவாளர், நில அளவையாளர் ஆகியோர் கையாண்ட கருவிகளின் பெயர்களே, பிற்காலத்தில் அறிவையும் அழகையும் ஒழுக்கத்தையும் மதிப்பிடும் சொற்களாயின. மொழிபெயர்க்கும் அவசரத்தில் இவை எல்லாம் ‘அளவுகோல்’, ‘மாதிரி’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடைபட்டுவிடுகின்றன. எந்தச் சொல்லுக்குள் எந்தக் கருவி ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவருக்கு அந்த நெருக்கடி இல்லை.

முதலில் வருவது கோல். ‘கேனன்’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல் ‘கனோன்’ நேரான கோலைக் குறித்தது. நாணலைச் சுட்டும் சொல்லோடு உறவுடையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சிற்பி பாலிகிளீட்டஸ், மனித உடலின் அளவுப் பொருத்தங்களை விளக்கிய தம் நூலுக்கு இதையே பெயராக வைத்தார். அந்த நூல் அழிந்துவிட்டது. பின்னர் இச்சொல் திருச்சபையின் சட்டத்துக்கும், அது ஏற்றுக்கொண்ட மறைநூல்களின் வரிசைக்கும் பெயராகி, அங்கிருந்து இலக்கியத் திறனாய்வுக்கு வந்தது. ஆகவே இலக்கியத்தில் ‘கேனன்’ என்றால் அளக்கும் கோல் அல்ல. அளந்து ஏற்கப்பட்ட நூல்களின் வரிசை.

‘ரூல்’ என்பது லத்தீன் ‘ரெகுலா’விலிருந்து வந்தது, அதுவும் நேர்க்கட்டைதான். நேராகச் செலுத்துதல் என்ற பொருளுள்ள அதன் வேரிலிருந்தே அரசனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’ என்ற சொல்லும் பிறந்தது. செங்கோல், கொடுங்கோல் என்று ஆட்சியைக் கோலின் நேர்மையாலும் வளைவாலும் பிரித்த தமிழுக்கு இந்த உறவு புதிதல்ல. ‘நார்ம்’ என்பதன் மூலமான ‘நோர்மா’, தச்சரின் மூலைமட்டம். அதனால்தான் கணிதத்தில் இன்றும் செங்குத்துக் கோட்டை ‘நார்மல்’ என்கிறார்கள். ‘எனார்மஸ்’ என்றால் அந்த மட்டத்தை விட்டு வெளியேறியது; தமிழின் ‘மட்டுமீறிய’ என்பதும் அதே பாதையில் வந்த சொல்.

இரண்டாவது கல். ‘டச்ஸ்டோன்’ என்பது பொன்னை உரைத்துப் பார்க்கும் கருங்கல். கல்லில் விழும் கோட்டின் நிறத்தை, மாற்றுத் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டுத் தரம் அறிவார்கள். ஆங்கிலத் திறனாய்வாளர் மாத்யூ ஆர்னால்ட், பெருங்கவிஞர்களின் சில வரிகளை மனத்தில் வைத்து மற்றக் கவிதைகளை அவற்றோடு ஒப்பிட்டு மதிப்பிடலாம் என்று 1880இல் எழுதியபோது இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். ‘பாரகன்’ என்பதும் இத்தாலிய மொழியில் உரைகல்லைக் குறித்த சொல்தான். சோதிக்கும் கல்லின் பெயர், காலப்போக்கில் எந்தச் சோதனையிலும் தேறிய மனிதருக்கு உரியதாயிற்று. தமிழில் உரைகல் இருக்கிறது. கட்டளைக்கல் என்ற சொல் குறளிலேயே, ஒருவரின் செயலைக் கொண்டு அவர் பெருமையை அறிவது பற்றிய இடத்தில் வருகிறது. இங்கே புதுச்சொல் ஆக்கத் தேவையே இல்லை.

மூன்றாவது அச்சு. ‘மாடல்’ என்பது அளவைக் குறித்த லத்தீன் ‘மோடஸ்’ என்பதன் சிற்றுருவிலிருந்து இத்தாலி வழியாக வந்தது. ‘மோல்ட்’ என்னும் வார்ப்பச்சும் அதன் உடன்பிறப்பு. ‘பேட்டர்ன்’ என்பதும் புரவலரைக் குறிக்கும் ‘பேட்ரன்’ என்பதும் ஒரே சொல்லாக இருந்தவை. மூலம், தந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல். பிள்ளைகள் பார்த்து நடக்க வேண்டியவர் தந்தை என்ற எண்ணம் அதில் உறைந்திருக்கிறது. ‘டெம்ப்ளேட்’ என்பது, தறியில் துணியின் அகலம் சுருங்காமல் இருபுறமும் விரித்துப் பிடிக்கும் கட்டையின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பர். கணினித் தமிழ் அதை ‘வார்ப்புரு’ ஆக்கியபோது தறியை விட்டுவிட்டு அச்சைப் பிடித்துக்கொண்டது. பயனைப் பார்த்தால் அது சரியான தேர்வே. ‘புரோட்டோடைப்’, ‘ஆர்க்கிடைப்’ இரண்டிலும் உள்ள ‘டைப்’, அடித்ததால் விழும் தடத்தைக் குறித்த கிரேக்கச் சொல். முன்னது முதலில் செய்த உரு. பின்னது எல்லா உருவுக்கும் மூலமான உரு. எனவே முன்னதற்கு ‘முன்மாதிரி’யும் பின்னதற்குத் ‘தொல்படிமம்’ என்பதும் பொருந்துகின்றன.

கருவியிலிருந்து அல்லாமல் செயலிலிருந்து பிறந்தவையும் உண்டு. ‘கிரைட்டீரியன்’ என்பதன் வேர் பிரித்தெடுத்துத் தீர்ப்பது. ‘கிரிட்டிக்’, ‘கிரைசிஸ்’ ஆகியவற்றுக்கும் அதுவே வேர். ‘பாரடைம்’ என்றால் பக்கத்தில் வைத்துக் காட்டுதல். இலக்கணத்தில் அது, ஒரு சொல்லின் திரிபுகளைக் காட்டி அவ்வகைச் சொற்கள் அனைத்துக்கும் வழிசொல்லும் பட்டியல். தேமா, புளிமா என்று ஒரு சொல்லை நிறுத்தி அந்த அமைப்பிலுள்ள எல்லாச் சீர்களையும் உணர்த்தும் தமிழ் யாப்பின் வாய்பாடு அதற்கு மிக நெருங்கியது. அறிவியல் வரலாற்றறிஞர் தாமஸ் கூன் 1962இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, ஒரு காலத்து அறிவியலாளர்கள் பகிர்ந்துகொள்ளும் சிந்தனைச் சட்டகம் என்ற பொருள் பரவியது. அந்த இடத்தில் வாய்பாடு பொருந்தாது.

கடைசியாக, நாட்டி நிறுத்தப்பட்டவை. ‘ஸ்டாண்டர்ட்’ முதலில் போர்க்களக் கொடி. 1138இல் நார்தலர்டன் அருகே ஸ்காட்லாந்துப் படையை எதிர்த்த ஆங்கிலேயர், வண்டியொன்றில் பாய்மரத்தை நட்டுப் புனிதர்களின் கொடிகளைக் கட்டினர். அந்தப் போருக்கே அக்கொடியின் பெயர் நிலைத்தது. அரச அதிகாரத்தின் சின்னம் என்பதால்தான் அரசு விதித்த எடைக்கும் அளவுக்கும் அச்சொல் வந்தது என்பர். ‘பெஞ்ச்மார்க்’ நில அளவையாளர் கல்லில் வெட்டிய குறி. மட்டக்கோலை நிறுத்துவதற்கு இரும்புத் தாங்கியை அந்த வெட்டில் செருகுவார்கள். மற்ற இடங்களின் உயரம் அதிலிருந்து கணக்கிடப்படும். எனவே ‘ஸ்டாண்டர்ட்’ விதிக்கப்பட்ட தரம். ‘பெஞ்ச்மார்க்’ ஒப்பிடுவதற்கான நிலைக்குறி. முன்னதை மீறினால் தவறு. பின்னதைவிடக் கூடலாம், குறையலாம்.

இச்சொற்களில் ஒன்று எதிர்ப்படும்போது மொழிபெயர்ப்பாளர் அகராதிக்கு முன் வாக்கியத்தின் வினையைப் பார்ப்பது நல்லது. அங்கே அளக்கிறார்களா, உரைக்கிறார்களா, வார்க்கிறார்களா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அளப்பதற்குக் கோல், உரைப்பதற்குக் கல், வார்ப்பதற்கு அச்சு.